கடித்துப் பார்த்து வாங்கிய தட்டு

"பல்லு பத்திரம் முக்கியம் லா," என்று சொல்லிவிட்டு, வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், நாய்க்கு வீசி விளையாடும் ரப்பர் தட்டைத் தானே ஒரு கடி கடித்துப் பார்த்தார். டத்தோ கிராமாட் வட்டாரத்தில், நாய் பூனைச் சாமான் விற்கும் கடை.

"ஐயோ, ஆளுங்க பாக்குறாங்க," என்றார் பக்கத்தில் நின்ற அவர் மனைவி.

"பிளாஸ்டிக்னா பல்லு தேஞ்சிடும். இது மெத்துனு இருக்கு. ஆனா தாங்குமா? போன தடவ வாங்குன தட்ட நம்ம ரோக்கி ஒரே நாள்ல கடிச்சுத் தின்னுட்டான்."

"தின்னாம என்ன செய்யும்? நீங்க எங்க வீசுனீங்க? முன்னால போட்டுட்டு உள்ள போயி போன்தானே பாத்தீங்க."

"அவன் கவ்விக்கிட்டுத் திரும்பக் கொண்டாரணும். அதான் விளையாட்டு."

"யார்கிட்ட கொண்டாரும்?"

அவர் தட்டை வளைத்து வளைத்துப் பார்த்தார். "அந்த வீடியோவுல நாய் எப்படிப் பறந்து பிடிக்குது, பாத்தல்ல?"

"அது திடல்ல ஓடுற நாய். நம்மளது கார் பக்கத்துல கட்டிப் போட்டுக் கெடக்குது."

அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. அவர் தட்டைக் கல்லாவில் வைத்தார். பிறகு கூடையிலிருந்து கட்டைவிரல் தடிமனில் ஓர் இரும்புச் சங்கிலியை எடுத்து அதன்மேல் வைத்தார்.

கல்லாவில் இருந்த பெண் சங்கிலியைத் தூக்கிப் பார்த்தாள். "பெரிய நாயா, அண்ணே?"

"பெருசெல்லாம் இல்லம்மா. பழைய சங்கிலிய அறுத்துட்டான்," என்றார் அவர் பெருமையாக. "ரொம்ப ஆக்டிவ் லா."