நீலக் கதவு

கொஞ்சம் இருங்க. இப்பத்தான் திரையில நம்ம ஊர்ப் பழைய கடைங்க படமெல்லாம் போட்டாங்க. ஒவ்வொரு படத்துக்கும் 'ஆஹா', 'ஐயோ', 'போச்சே'... கேட்டுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். ஒரே ஒரு கடையை விட்டுட்டாங்களே! மார்க்கெட் முக்குல இருந்துச்சே, அந்தோணி சர்பத் கடை... ஞாபகம் இருக்கா? ஆங், அங்க கை தூக்குறாங்க. மூணாவது வரிசை ஐயா என்னமோ சொல்றாரு. என்னங்கய்யா? பாதாம் பிசின் போட்டுத் தருவாரா? அடேயப்பா, நாக்குலயே வச்சிருக்கீங்களே! சந்தோஷம், உக்காருங்க.

அந்தச் சந்தோஷத்தோடயே ஒரு குட்டிக் கதை கேளுங்க. பந்தி போடுறதுக்குள்ள முடிச்சிடுறேன்.

நம்ம ஊர் மாதிரியே ஒரு ஊரு. பொழைப்புக்காகத் திசைக்கொருத்தரா போயிட்டாங்க. போனவங்க எல்லாம் சேர்ந்து ஒரு வாட்ஸப் குரூப்பு. பேரு 'நம்ம ஊர் அந்தக் காலம்'. விடிஞ்சா போதும், அந்த டீக்கடை போச்சு, இந்த டாக்கீஸ் போச்சுன்னு ஒரே ஒப்பாரி. அதுல குணசீலன்னு ஒருத்தர். ரிட்டயர் ஆனவரு, குசும்பு பிடிச்ச மனுஷன். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுட்டு சும்மா இருக்க முடியல. ஒரு பொய்யைத் தட்டி விட்டாரு.

'பழைய பஸ் ஸ்டாண்டு, தண்ணித் தொட்டிக்கு எதிர்க்க, ராஜாம்பாள் கிளப். அந்த வெங்காய போண்டா... யாருக்காவது ஞாபகம் இருக்கா?'

அப்படி ஒரு கடையே கிடையாதுங்க! அவரா கட்டிவிட்ட கதை. ஆனா... டிங்! 'மறக்க முடியுமாண்ணே! சட்னியில இஞ்சி தூக்கலா இருக்குமே!' டிங்! 'வாசல்ல நீலக் கதவு!' டிங்! 'ஆமா ஆமா, நீலக் கதவு, அதுல ஒரு பலகை உடைஞ்சிருக்கும்!' குணசீலன் சோபாவுல உருண்டு உருண்டு சிரிக்கிறாரு.

அப்போ துபாய்ல இருந்து ஒருத்தன் பேசி அனுப்புறான். தேம்பித் தேம்பி அழுவுறான். 'எங்கப்பா சாவுறதுக்கு முன்னாடி என்னைக் கடைசியாக் கூட்டிட்டுப் போன கடைண்ணே அது...'

சிரிப்பு நின்னு போச்சு. குணசீலன் எந்திரிச்சு உக்காருறாரு. அவசர அவசரமா எழுதுறாரு. 'மன்னிச்சுக்குங்கப்பா. விளையாட்டுக்குச் சொன்னேன். அப்படி ஒரு கடையே இல்ல.'

என்ன பதில் வந்திருக்கும்? சொல்லுங்க பாப்போம்... 'யோவ் குணா, உமக்கு வயசாயிடுச்சுய்யா. மறந்து போச்சு. நல்ல டாக்டராப் பாரும்!'

அன்னைக்குச் சாயங்காலம் காப்பி குடிக்க உக்காந்தாரு பாருங்க... இஞ்சி வாசம் அடிக்குது. வீட்டுல இஞ்சியே இல்ல. கண்ணை மூடினா... நீலக் கதவு. உடைஞ்ச பலகை. உள்ள யாரோ எண்ணெயில மாவைக் கிள்ளிப் போடுற சத்தம்... சொர்ர்ர்ருன்னு. பயந்து போயிட்டாரு மனுஷன். எது பொய்யி? கடை இருந்துச்சுன்னு சொன்னதா, இல்லைன்னு சொன்னதா? நாளாக ஆக அந்த வாசம் கூடுதே ஒழிய குறையல. தாங்க முடியாம ஊருக்கே பஸ் ஏறிட்டாரு.

தண்ணித் தொட்டி அப்படியே இருக்கு. எதிர்க்க ஒரு செல்போன் கடை. கடைக்காரர் பாத்ததுமே சிரிக்கிறாரு. 'சாருக்கும் ராஜாம்பாள் கிளப்பா? இந்த இடந்தான் சார். வர்றவங்க எல்லாம் நின்னு போட்டோ பிடிச்சுட்டுப் போறாங்க.'

கடை ஓரத்துல ஸ்டூல் போட்டு ஒரு வயசானவர் உக்காந்திருந்தாரு. அவர் மெதுவா எந்திரிச்சு வந்தாரு. வந்து, குணசீலன் கையைப் பிடிச்சுக்கிட்டாரு.

'தம்பி, என் பேரு தவமணி. இந்த இடத்துல டீக்கடை வச்சிருந்தவன் நான். என் மக என்னையும் அந்த குரூப்புல சேத்து விட்டா. தினம் பாக்குறேன். எல்லாரும் நீலக் கதவு நீலக் கதவுங்குறாங்க. என் கடைக்குப் பச்சைக் கதவு தம்பி. நானே பெயிண்ட் அடிச்சது. ஒருத்தர்கூடச் சொல்லலையே...'

அப்புறம் காதுகிட்ட வந்து கேக்குறாரு. 'இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. நான் கடை வச்சிருந்தேனா? நீங்க இந்த ஊர்க்காரர்தானே... என்னை ஞாபகம் இருக்கா?'

குணசீலன் அந்த முகத்தை உத்து உத்துப் பாக்குறாரு. இந்த ஊர்லதான் படிச்சாரு. இந்தத் தொட்டிக்கு எதிர்லதான் தினம் பஸ்ஸுக்கு நின்னாரு. டீ குடிக்காமலா இருந்திருப்பாரு? ஆனா ஒண்ணுமே வரல. கண்ணை மூடினா அந்தப் பாழாப்போன நீலக் கதவுதான் வருது! இருந்தாலும் அவர் கண்ணைப் பாத்து இல்லைன்னு சொல்ல மனசு வரல.

'என்னங்கய்யா இப்படிக் கேட்டுட்டீங்க! நல்லா ஞாபகம் இருக்கு!'

பெரியவர் முகம் அப்படியே மலர்ந்து போச்சு. 'அப்படியா! நம்ம கடையில என்ன சாப்பிடுவீங்க?'

குணசீலன் வாயைத் திறக்குறாரு... 'வெங்காய போண்டா.'

பெரியவர் பிடிச்சிருந்த கையை விட்டுட்டாரு.

'நான் போண்டாவே போட்டதில்ல தம்பி. டீயும் பன்னும்தான்.' ரெண்டடி போயி, திரும்பி நின்னு சொன்னாரு. 'அப்ப... நான் கடை வைக்கலை போலிருக்கு.'

புரியுதுங்களா? பேய் புளியமரத்துலதான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். உயிரோட, மூச்சு விட்டுக்கிட்டு இருக்கிற மனுஷனை நாமளே பேயாக்கிட்டோமே! எதுக்காக அழுவுறோம் நாம? கடைக்காகவா? சும்மா சொல்லாதீங்க. நம்ம வாலிப வயசுக்காக அழுவுறோம். அதுக்கு எந்தக் கதவு கிடைச்சாலும் போதும். நீலமா இருந்தா என்ன, பச்சையா இருந்தா என்ன? வருஷக்கணக்கா டீ ஆத்திக் குடுத்தவர் பேரு நமக்குத் தெரியாது. ஏன்னா, கேட்டதே இல்ல. எனக்கு வயிறு எரியுது.

ஊருக்குப் போனீங்கன்னா மூடின கடை முன்னாடி நின்னு போட்டோ பிடிக்காதீங்க. கடையை மூடிட்டு வீட்டுல உக்காந்திருக்காரே, அவர் வீட்டுக்குப் போங்க. 'உங்க கையால குடிச்சிருக்கேங்கய்யா'ன்னு அவர் காதுபடச் சொல்லுங்க. அவருக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.

முடிச்சிடுறேன். மூணாவது வரிசை ஐயா... அந்த அந்தோணி சர்பத் கடை இருக்கே, அது நான் வர்ற வழியில கார்ல யோசிச்ச பேருங்க. அப்படி ஒரு கடை நம்ம ஊர்ல இருந்ததே இல்ல.

சிரிக்காதீங்க, யாரும் சிரிக்காதீங்க. ஐயா சொன்ன பாதாம் பிசின் பொய் இல்ல. யாரோ ஒருத்தர் அதை ஊற வச்சு, அவர் டம்ளர்ல போட்டுக் குடுத்திருக்காங்க. யாருங்கய்யா அது?

பாருங்க... யோசிக்கிறாரு. யோசிங்கய்யா. பந்தி காத்திருக்கட்டும்.