எங்கள் வீட்டு இதயநோய்

– ஹார்ட்டுன்னுதானே சொன்னே?

– ஹார்ட்டுன்னுதான்க்கா சொன்னேன். அக்காவுக்கு என்னன்னு கேட்டார், நெஞ்சுல கொஞ்சம் கோளாறுன்னேன். நம்ம பழைய ஹவுஸ் ஓனர், நேத்து பேங்க் லிஃப்டுக்குள்ள வெச்சுப் பிடிச்சுக்கிட்டார். எங்கே ஓடறது?

– நெஞ்சுன்னு ஏன் சொன்னே? ஹார்ட்டுன்னு மட்டும் சொல்லணும்.

– அதுல என்ன இருக்கு?

– நெஞ்சுன்னா அவர் பொண்டாட்டி மேல மேல கேப்பா. ஹார்ட்டுன்னா ‘அடப் பாவமே’ன்னு சொல்லிட்டுத் தன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போயிடுவா.

– சரி தாயே. இனிமே ஹார்ட்டு, ஹார்ட்டு, ஹார்ட்டு. ஸ்கார்ஃபைக் கொஞ்சம் இழுத்து விடு, காதுகிட்ட வெறுமையாத் தெரியுது.

– தெரியாது. கண்ணாடி பாத்துட்டுத்தான் கிளம்பினேன்.

– பாத்திருப்பே, பாத்திருப்பே. முப்பது வருஷம் லேடீஸ் ஹாஸ்டல் வார்டன். எத்தனை பொண்ணுங்க ஜடையை அவுத்துத் திரும்பப் பின்ன வெச்சிருப்பே! இப்ப தலையில ஒரு முடி இல்லை, கெடுபிடி மட்டும் அப்படியே இருக்கு.

– மெதுவாப் பேசு. ஆஸ்பத்திரி வராந்தாவுல நாலு பேர் உக்காந்திருக்காங்க.

– அந்த நாலு பேரும் தலையில துணி கட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருக்காங்க. யாரு யாரைப் பாத்துச் சிரிக்கப்போறா? கேட்டியா, உன் ஹாஸ்டல் பொண்ணுங்க வேற போன் மேல போன். வார்டனம்மாவைப் பாக்க வரணுமாம்.

– வர வேண்டாம்னு சொல்லு. ஹார்ட் பேஷண்டைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு சொல்லு.

– பொய்யைக்கூட எப்படி அதிகாரமாச் சொல்றே!

– நம்ம வீட்டுப் பொம்பளைங்க உடம்பைப் பத்தி வெளியில ஒரு பேச்சு வந்தது கிடையாது. என்னால வர வேண்டாம். உனக்கு ஒருத்திக்குத் தெரியும். அதுவும் கூட வர ஆள் வேணும்னுதான்.

– ரொம்ப சந்தோஷம். இப்ப மூச்சு வாங்குதா?

– இல்லை.

– படியில ரெண்டு தடவை நின்னியே?

– உனக்காக நின்னேன்.

– உள்ளே போய் டாக்டர்கிட்டயும் இதையே சொல்லி வைக்காதே. கீமோ கட்டியையும் அடிக்கும், ஹார்ட்டையும் ஒரு கை பாக்கும்னு அன்னிக்கே சொன்னாங்க. அதுக்குத்தானே ஹார்ட்டை ஸ்கேன் பண்ணிப் பாக்கற இந்த எக்கோ. அதுவும் நம்ம வீட்டு ஹார்ட்!

– நம்ம வீட்டு ஹார்ட்டுக்கு என்ன இப்போ?

– என்னவா? அம்மா ஹார்ட்டுல போனாங்க. அத்தை ஹார்ட்டுல போனாங்க.

– அந்தப் பேச்சை இங்கே எடுக்காதே.

– அடுத்தவங்க உள்ளே வரலாம். கூட வந்தவங்களும் வாங்க.

– வணக்கம் டாக்டர்.

– வாங்கம்மா. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க. கையைத் தலைக்குக் கீழே வெச்சுக்குங்க. கட்டி இருக்கிற பக்கம் அழுத்த மாட்டேன். வலிச்சா சொல்லணும்.

– வலிக்கலை.

– இன்னும் கையே வைக்கலைம்மா!

– அக்கா இப்படித்தான் டாக்டர். ஊசி குத்தறதுக்கு முன்னாடியே ‘வலிக்கலை’ம்பாங்க.

– நீ சும்மா நில்லு.

– மூச்சை இழுத்துப் பிடிங்க. அப்படியே... விடுங்க. படி ஏறினா மூச்சு வாங்குதா?

– இல்லை.

– ரெண்டு தடவை நின்னாங்க டாக்டர்.

– படுக்கும்போது தலைக்கு எத்தனை தலையணை?

– ஒண்ணு.

– மூணு டாக்டர். படுக்கை போடறவ நான்.

– காட்டிக் குடுக்கவா கூட வந்தே?

– சண்டையை வெளியில வெச்சுக்கலாம். இன்னொரு தடவை மூச்சைப் பிடிங்க. ம்... போதும். துடைச்சுக்கிட்டு எழுந்து உக்காருங்க. ஒளிக்காமச் சொல்லிடறேன்மா. முதல் எக்கோவுல உங்க ஹார்ட் பம்பிங் அறுபத்திரண்டு சதவீதம். இன்னிக்கு அம்பத்திரண்டு.

– அப்படின்னா?

– ஹார்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கு. அதனாலதான் மூச்சு வாங்குது, தலையணை கூடுது. இது கீமோ பண்ற வேலை. மத்தவங்களா இருந்தா ஹார்ட்டுக்கு மாத்திரை குடுத்து, அடிக்கடி எக்கோ பாத்துக்கிட்டே கீமோவைத் தொடரச் சொல்லுவேன்.

– எனக்கும் அதையே செய்யுங்க.

– உங்களுக்கு முடியாதேம்மா. அம்மா, அத்தை ரெண்டு பேருமே சின்ன வயசுல ஹார்ட்டால போனாங்கன்னு முதல் நாளே நீங்கதான் என்கிட்ட சொன்னீங்க. அப்படி ஒரு குடும்பத்துல, ஏற்கனவே தளர ஆரம்பிச்ச ஹார்ட் மேல இந்த மருந்தை ஏத்த எனக்குத் துணிச்சல் இல்லை. நிறுத்தச் சொல்லிக் கேன்சர் டாக்டர்கிட்டப் பேசப்போறேன்.

– நிறுத்தினா கட்டி என்னாகும்?

– வேற மருந்து பாப்பாங்க. ஆனா இந்த மருந்துக்குத்தான் கட்டி நல்லா சுருங்கிட்டு வருது. அடுத்ததுக்கு மசியுமான்னு யாரும் உறுதியாச் சொல்ல முடியாது.

– அக்கா, கேட்டியா? இந்த மருந்துக்குத்தான் சுருங்குதாம்.

– நிறுத்துங்க டாக்டர்.

– அவசரப்படாதீங்க. உங்க அம்மாவுக்கு ஹார்ட்டுல என்ன கோளாறு? அடைப்பா, இல்லை இந்த மாதிரித் தளர்ச்சியா? எந்த டாக்டராவது பாத்தாங்களா? அது தெரிஞ்சா என் முடிவை மாத்திக்கக்கூட வழி இருக்கு.

– எனக்குத் தெரியாது.

– நான் சொல்றேன் டாக்டர். அம்மாவுக்கு திடீர்னு...

– அவளுக்கு என்ன தெரியும்? அப்ப அவ பள்ளிக்கூடத்துப் பொண்ணு. சித்தப்பா வீட்டுல கொண்டுபோய் விட்டிருந்தோம்.

– ஆமா, கூட்டிட்டு வரும்போது எல்லாம் முடிஞ்சுபோச்சு. முகத்தை மட்டும்தான் காட்டினாங்க. ஆனா அப்பா வாசல்ல நின்னு வந்தவங்க போனவங்ககிட்ட எல்லாம் சொன்னது இன்னும் என் காதுல இருக்கு டாக்டர். ‘ஹார்ட்டுங்க. பேசிக்கிட்டே இருந்தா, போயிட்டா.’ அத்தைக்கும் அதே மாதிரிதான்.

– போதும் குட்டி.

– அம்மா, நான் வற்புறுத்தலை. உங்க உயிர் விஷயம், அதனால கேக்கறேன்.

– என் உயிரை நான் பாத்துக்கறேன். எங்க அப்பா வாசல்ல நின்னு சொன்னது சொன்னபடியே நிக்கட்டும். நிறுத்துங்கன்னு சொல்லிட்டேனே.

– சரிம்மா. உங்க இஷ்டம். தங்கச்சி, நீங்க உங்க உடம்பைக் கவனிச்சுக்கறீங்களா?

– நானா! எங்க வீட்டு ஹார்ட்டுக்கு நான்தானே டாக்டர் காவல்காரி. வருஷம் தவறாம ஈசிஜி. உப்புல பாதி, எண்ணெயில பாதி. என் பொண்ணுக்கு இருபத்திமூணுதான் ஆகுது, அவளையும் டிரெட்மில்லுல ஓடவிட்டு டெஸ்ட் எடுத்தாச்சு. ‘என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சினிமாவுக்குப் போறாங்க, நீ என்னை ஹார்ட் டாக்டர்கிட்ட கூட்டிட்டு வர்றே’ன்னு ஒரே திட்டு.

– மார்பகப் பரிசோதனை? மேமோகிராம் எடுத்திருக்கீங்களா?

– அது எதுக்கு டாக்டர்?

– கூடப் பிறந்தவங்களுக்கு வந்திருக்கே. பாத்துக்கிறது நல்லதில்லையா?

– அட, அது அக்காவுக்கு எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கிச்சு. எங்க அம்மா வழியிலயும் கிடையாது, அப்பா வழியிலயும் கிடையாது. இருக்கிற ஹார்ட்டைக் கட்டிக் காப்பாத்தவே எனக்கு நேரம் பத்தலை. இதுல இல்லாத வியாதியைத் தேடிக்கிட்டு வேற போகணுமா? என் பொண்ணுகிட்டயும் அதையேதான் சொன்னேன். பெரியம்மாவுக்கு வந்தது பெரியம்மாவோட போகட்டும், நீ ஹார்ட்டை மட்டும் பாருன்னு.

– அவகிட்ட சொல்லிட்டியா? நான் உன்னைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாதுன்னு...

– திட்டாதேக்கா. பெத்த பொண்ணு. அவளும் கேட்டா, ‘நமக்கும் வருமாம்மா’ன்னு. நம்ம வீட்டுல வராதுடின்னு சத்தியம் பண்ணிக் குடுத்தேன். அப்புறம்தான் தூங்கினா.

– சத்தியமா பண்ணினே?

– ஆமா. ஏன் இப்படிப் பாக்கறே? டாக்டர், இவங்களுக்கு வேர்க்குது பாருங்க.

– எனக்கு ஒண்ணுமில்லை. குட்டி, அந்தக் கதவைச் சாத்து.

– இதோ.

– வேண்டாம். திறந்தே இருக்கட்டும். இப்படி வந்து உக்காரு.

– நான் எதுக்குக்கா...

– உக்காருன்னா உக்காரு. டாக்டர், கீமோவை நிறுத்தாதீங்க. எங்க அம்மாவுக்கு ஹார்ட்டுல ஒரு குறையும் கிடையாது, அத்தைக்கும் கிடையாது. ரெண்டு பேருமே மார்புல கட்டி வந்து, அது புண்ணாகி, கடைசி ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டுக் கிடந்துதான் செத்தாங்க, அம்மாவுக்குக் கட்டு மாத்தினவ நான். இப்ப இவளையும் இவ பொண்ணையும் எந்த டாக்டர்கிட்ட காட்டணும்னு சொல்லுங்க.