சிவப்புத் துண்டு கட்டிய மூட்டைகள்

"படு! படு!"

வசந்தி கத்துகிறாள். தூரத்தில் எறிகணை ஏவுகையில் குத்தும் சத்தம். பிறகு கூவல். கூவல் சட்டென்று நின்றால் அந்தச் செல் கிட்ட விழப்போகிறது. நிற்கிறது. நிலம் உதறுகிறது. பங்கர்க் குழியின் கூரைப் பனங்குற்றிகளுக்கிடையால் மணல் கொட்டுகிறது. மேசையிலிருந்த கோதுகள் உருண்டு விழுகின்றன. அவை விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. வலது காதுக்குள் ஒரு நீண்ட கீச்சொலி. அது இன்றுவரை நிற்கவில்லை.

வன்னி. போரின் கடைசி மாசி மாதம். நாங்கள் நான்கு பேர். சுட்டு முடிந்த துவக்கு ரவைகளின் வெற்றுக் கோதுகளைப் பரிசோதிப்பது எங்கள் வேலை. சண்டை நடந்த இடங்களில் பொறுக்கிச் சாக்கில் கொண்டுவருவார்கள். இரும்புக் கோது வேண்டாம். பித்தளை மட்டும். நல்லதைப் பிரித்து நாங்கள் களஞ்சியத்துக்கு அனுப்புவோம். அங்கிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும். அங்கே திரும்ப வெடிமருந்து அடைத்து ரவையாக்குவார்கள்.

நான் பத்திரிகைக்காரன். அச்சகம் எரிந்த பிறகு இங்கே அனுப்பப்பட்டேன். பிழை திருத்தினவர்தானே, இங்கேயும் பிழை பார்க்கட்டும் என்று பொறுப்பாளர் சொன்னாராம். பகிடிதான். ஆனால் வேலையும் அதுதான்.

மேசைக்குத் தலைமை வசந்தி. முன்பு தையல் கடையில் இருந்தவள். வாய் நசுங்கியதைத் தள்ளுவாள். பச்சை பிடித்ததைத் தள்ளுவாள். நகத்தால் கோதின் வயிற்றைச் சுற்றித் தடவுவாள். கடைசியாகக் காது. ஐந்தாறு கோதுகளை உள்ளங்கையில் போட்டு மெல்லக் குலுக்குவாள். நல்ல கோதுகள் கிணுகிணுக்கும். ஒன்றில் வெடிப்பு இருந்தால் மொத்தச் சத்தமும் மங்கும். செத்த சத்தம் என்பாள். கண்ணுக்கோ நகத்துக்கோ அகப்படாத மயிர்க்கோடு அந்தச் சத்தத்தில் அகப்படும். தள்ளியவற்றின் வாயைக் குறட்டால் நெரித்துவிடுவோம். அவை திரும்பி வரக்கூடாது.

முதல் நாள் வெடிப்புள்ள ஒரு கோதை நான் நல்லதோடு போட்டேன். எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"அண்ணை, பேப்பரில நீங்கள் விட்ட பிழை ஒருத்தரையும் கொல்லாது. இது சுடுறவரையே கொல்லும்."

செல் கிட்ட வந்தது. வேலை பங்கருக்குள் போனது. பகலில் சத்தம் ஓயவே இல்லை. நால்வரின் காதும் இரைந்தது. குலுக்கினோம். ஒன்றும் பிரித்தறிய முடியவில்லை. வசந்தி பொறுப்பாளரிடம் போனாள். கடைசிப் பரிசோதனை நடக்கவில்லை, வேலையை நிறுத்துங்கள் என்றாள். கண்ணால் பார்த்தால் போதும், முன்னுக்கு நிற்கிறவர்கள் ரவை கேட்கிறார்கள் என்றார் அவர்.

"ஏலாது எண்டு சொல்லுறதுக்கு இப்ப நேரமில்லை, தங்கச்சி."

அவள் திரும்பி வந்தாள். தன் பையிலிருந்து ஒரு சிவப்பு நூல் சேலையை எடுத்தாள். கிழித்தாள். காதால் பார்க்காத ஒவ்வொரு மூட்டையின் வாயிலும் ஒரு துண்டு கட்டினாள். சிவப்புக் கட்டியது பயிற்சிக்குக்கூட வேண்டாம், ஒதுக்கி வையுங்கள் என்று களஞ்சியத்துக்குச் சொல்லி அனுப்பினாள். சரி என்று பதில் வந்தது.

ஒரு நாள் களஞ்சியத்துக்கு மூட்டை தூக்கிப் போனேன். வாசலில் ஒருவர் துவக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் சிவப்புத் துண்டு. பக்கத்தில் இன்னும் ஒரு குவியல். துடைக்க வேறு துணி இல்லை, இது நல்ல துணி என்றார். வசந்தியிடம் சொன்னேன். அவள் ஓடினாள். அவள் போய்ச் சேர முன்னரே கோதுகள் மருந்து அடைக்கப் போய்விட்டன.

அடுத்த கிழமை எங்கள் மேசையின் மற்ற இருவரும் ஒரே செல்லில் போனார்கள். மேசையும் போனது.

சித்திரையில் தூக்கக்கூடிய எல்லோர் கையிலும் துவக்குக் கொடுத்தார்கள். வசந்தியிடமும். நான் காயப்பட்டவர்களைச் சுமந்தேன். கடல்நீரேரிக் கரை. காலை. செல் ஓய்ந்திருந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன். குத்தும் சத்தம் இல்லை. கூவல் இல்லை. கிட்டத்தில் ஒரே ஒரு சத்தம். குறுகியது. தட்டையானது.

வெட்டிய குழிக்குள் அவள் சாய்ந்திருக்கிறாள். துவக்கின் நடுப்பகுதி பிளந்து கிடக்கிறது. கன்னத்திலும் கழுத்திலும் இரத்தம். கை மணலைத் தடவுகிறது. எதையோ எடுக்கிறது. என்னிடம் நீட்டுகிறது. கோது. வாயிலிருந்து அடிவரை கிழிந்த கோது.

"எங்கட மூட்டை, அண்ணை."

இடது காதால் கேட்டேன். மதியத்துக்கு முன் இறந்தாள். அந்தக் குழியையே மூடினோம். பின்னேரம் செல் திரும்பத் தொடங்கியது.

இப்போது லண்டன். இல்ஃபோர்டில் காதைப் பரிசோதித்தார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு நெடுநேரம் நான் ஒன்றையும் அழுத்தவில்லை. மெல்லிய உயர்ந்த ஒலிகள் போய்விட்டன என்றாள் பரிசோதித்த பெண். கோதின் கிணுகிணுப்பு அந்த ஒலிதான்.

இதே லண்டனின் எட்மண்டனில் கார்த்திகையில் ஒரு மண்டபத்தில் போரில் இறந்தவர்களின் படங்களை வைப்பார்கள். இந்த வருடம் படங்களுக்குக் கீழே வரும் வரிகளைப் பிழை பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் தந்தார்கள். வசந்தியின் படம் இருந்தது. கீழே, எறிகணை வீச்சில் வீரச்சாவு. எழுத்துப்பிழை இல்லை.

அவளுடைய அக்கா கலா இல்ஃபோர்டுக்குப் பக்கத்தில் செவன் கிங்ஸில் இருக்கிறாள். போர் முடிய முன்னரே வந்தவள். அவளிடம் சொல்லாமல் திருத்தக்கூடாது. போனேன். எல்லாம் சொன்னேன். தேத்தண்ணி ஆறியது.

"சேலைக்குக் கறுப்புக் கரையோ, அண்ணை?"

"ஓம்."

"அது என்ர சேலை. பாரம் எண்டு அவளிட்ட விட்டிட்டு வந்தனான்."

பிறகு சொன்னாள், நடந்ததை நடந்தபடி எழுதுங்கோ. எழுதினேன். காதால் பரிசோதிக்கப்படாத ரவை வெடித்து, தன் துவக்காலேயே இறந்தாள். எச்சரித்திருந்தாள்.

படங்களை வைக்கும் மண்டபக்காரர் மறுத்தார். ஒழுங்கு செய்யும் நாளன்று கலா நேரே போனாள். நானும் போனேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். படத்தில் மாலை கட்டிக்கொண்டே பேசினார்.

"எங்கட துவக்கே எங்கட பிள்ளையைக் கொன்றது எண்டு சுவரில எழுதேலுமே, அக்கா? எதிரி சிரிப்பான்."

"அவன் சிரிக்கிறது கிடக்கட்டும். அவள் சொன்னதை அண்டைக்கும் ஒருத்தரும் கேக்கேல்ல. இண்டைக்குமோ?"

அடுத்த வருடம் பார்ப்போம் என்றார். பழைய வரிதான் ஒட்டியிருந்தது. கலா படத்தைக் கழற்றினாள். மாலையைக் கழற்றி மேசையில் வைத்தாள். படத்தைக் கடைப் பைக்குள் போட்டாள். பஸ் எடுத்து வீட்டுக்குப் போனாள். அந்த இடத்தை மூட மற்றப் படங்களை நெருக்கி வைத்தார்கள்.

கணக்கு இது. மேசையில் நால்வர். இருவர் எதிரியுடைய செல்லில். வசந்தி எங்களுடைய கோதில். நான் மிச்சம், ஒரு காதுடன். கறுப்புக் கரை வைத்த ஒரு சிவப்புச் சேலை, துண்டு துண்டாக. அந்த மூட்டைகளின் ரவைகள் யார் யார் கைக்குப் போயின என்று தெரியாது. அவர்களில் எத்தனை பேரின் படத்துக்குக் கீழே எறிகணை என்று எழுதியிருக்கிறது என்பதும் தெரியாது.