ஒரே தண்ணீரில் இரண்டு தட்டு

நோணாங்குப்பம் படகுத் துறை. டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் மனைவியிடம் சொன்னார்:

"ஒரே வீட்டுல இருந்தாலும் அண்ணன் கையால தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணவன் நான். என் தட்டு அவன் தட்டோட ஒண்ணா குளிக்குது."

நான் போனை உள்ளே வைத்துவிட்டேன்.

"பாத்திரம் கழுவுற மெஷினுங்க அது."

"வீடியோவுல பாத்துட்டேன். அடியில கொஞ்சூண்டு தண்ணி நிக்குது. அதையே ஒரு குழாய் சுத்திச் சுத்தி மேல பீச்சுது. அவன் தட்டுல பட்டு கீழ விழுந்த தண்ணிதான் திரும்ப என் தட்டுல வந்து அடிக்குது."

"அழுக்குத் தண்ணிய வெளிய தள்ளிட்டு, கடைசியா புதுசா சுடுதண்ணி விட்டு அலசுதே."

"அதுவும் ரெண்டுக்கும் பொதுவாத்தான விழுது."

வரிசை கொஞ்சம் நகர்ந்தது.

"உங்க அண்ணனும் நேத்து இதையேதான் சொன்னாரு. அவரு தட்ட மெஷின்ல போட வேணாமாம். முன்ன மாதிரி கையால தேய்க்கச் சொல்லிட்டாரு."

அவர் முகம் தெளிந்தது. படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாகத் திரும்பினார்.

"முன்னல்லாம் எந்த நாருல தேச்சீங்க?"

"வீட்டுக்கே ஒரு நாருதாங்க."