ஆன்லைன் என்றால் சீட்டாட்டமா?

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் வணிகர் சங்கத் தலைவர் ஐயாதுரை அண்ணாச்சி அவர்களே! பஞ்சை நூலாக்கிப் பாரெங்கும் அனுப்பும் ராஜபாளையத்துப் பெரியோர்களே! பாலைக் காய்ச்சிப் பக்குவம் கண்ட ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாய்மார்களே! மின்விசிறிக்கு அடியில் முந்தி இடம் பிடித்த கெட்டிக்காரர்களே! மடவார் வளாகத்தில் டி.வி. கடை வைத்திருக்கும் இந்த வேங்கடேசனின் வணக்கம்.

நம்முன் நிற்கும் கேள்வி ஒன்றே ஒன்று. சங்கக் கட்டடத்தின் மாடியை நம் ஊர்த் தங்கை சத்யப்பிரியாவுக்கு வாடகைக்குத் தருவதா, மறுப்பதா? சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து, டி.வி.யில் மாட்டி விளையாடும் கேம் பெட்டிகளை வாங்கி அடுக்கிவிட்டுக் காத்திருக்கிறாள். இங்கே ஒருவர், கடல் கடந்து ஒருவர், இணையத்தில் இருவருக்கும் ஒரே ஆட்டம். அதற்குத்தான் அவள் ஒரு கூடம் திறக்க நினைக்கிறாள். நாம் இல்லை என்றால், பெட்டிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு மறுபடியும் சென்னைக்குப் பேருந்து ஏற வேண்டியதுதான்.

தலைவர் என்ன சொல்கிறார்? "நம்ம ஊர்ல இதுக்கு யாரு வாரா? வீடு வீடாக் கேட்டாச்சு, ஒருத்தரும் வேணும்னு சொல்லலையே!" கேட்டதும் மெய், கிடைத்த பதிலும் மெய். ஆனால் கேட்ட கேள்வி எது?

செட்டியார்பட்டியில் நாகஜோதி என்ற அம்மாவின் வீட்டு வாசலில் நானும் நின்றேன். நம் செயலாளர் பாலகணேஷ் கேட்டார், "ஒங்க வீட்டுல யாரும் ஆன்லைன்ல வெளாடுதாங்களா?" அந்த அம்மாவுக்கு வந்ததே கோபம்! "ஏய்யா, எங்களப் பாத்தா ரம்மி ஆடிக் குடும்பத்த அழிக்கவிய மாதிரியா இருக்கு? போங்கய்யா!" கதவு படார்! சாத்திய கதவுக்குப் பின்னால் என்ன சத்தம் தெரியுமா? "கோல்! கோல்!"

சிரிக்காதீர்கள், இன்னும் இருக்கிறது. நான் மறுபடி தட்டினேன். "தாயி, சீட்டு இல்ல, டி.வி.ல பந்து வெளாட்டு" என்றேன். "அத மொதல்லயே சொல்லக்கூடாதா? உள்ள வாங்க" என்றார். பிறகு சொன்னார்: "எங்க வீட்டுக்காரரு மஸ்கட்ல இருக்காவ. போன்ல எம்புள்ளகிட்ட 'சாப்ட்டியா'ன்னு கேப்பாவ, அத்தோட பேச்சு முடிஞ்சிரும். இதுல மட்டும் அப்பனும் மகளும் சண்ட போட்டுச் சிரிக்காவ. பாதியில நெட்டு நின்னுருது, புள்ள அழுதுருதா. நல்ல லைன் உள்ள எடம் இருந்தா நானே கூட்டிட்டு வருவேன்யா."

அன்பர்களே! இது தேவை இல்லையா? மகளின் சிரிப்பைக் கேட்க ஒரு தகப்பன் ஏங்குவது தேவை இல்லையா? எத்தனை வீட்டார் ரம்மி என்று நினைத்து நம்மை விரட்டினார்களோ! "செல்போன் இருக்கே" என்கிறார் அங்கே ஒரு தம்பி. இருக்கிறது ராசா, அதில் ஆளுக்கொரு மூலையில் குனிந்து கிடக்கிறோம். எனக்கு அதில்தான் வருத்தம்.

சரி, இப்போதே பார்த்துவிடுவோம். வீட்டில் கேம் பெட்டி இருந்தும் இல்லை என்று சொன்னவர்கள் கை தூக்குங்கள். கூச்சம் வேண்டாம். அதோ ஒன்று. தாய்மார்கள் பக்கம், அடேயப்பா! தலைவர் அவர்களே, தாங்களுமா? பேரனுக்கு வாங்கியதோ?

"பேரனுக்கு இல்ல வே, எனக்குத்தான்" என்கிறார்! அண்ணாச்சி, மைக்கில் விழுந்துவிட்டது. "மாடியக் குடுத்துருவோம்" என்று தாங்கள் சொன்னதும்கூட விழுந்துவிட்டது, இனி மாற்ற முடியாது.

சத்யப்பிரியா, அழாதே அம்மா, மேடைக்கு வந்து சாவியை வாங்கிக்கொள். கைதட்டிய கைகளுக்கும், துணிந்து தூக்கிய கைகளுக்கும் நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்.