கல்லூரிக் கையேட்டை எழுதியவன் பேசுகிறேன்

பேச்சாளர்கள் வரம்பு மீறாமல் இருக்கக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மையார் அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் ஆன்றோர்களே! விசிறிக்குக் கீழே இடம்பிடித்துவிட்ட விவரமான பெரியோர்களே! வீட்டு வேலையை விடியலில் முடித்து, அலுவலகத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லி, பிள்ளையின் படிப்பு என்றதும் பசியையும் மறந்து வந்திருக்கும் அன்னையரே! அவர்கள் பக்கத்தில் வாய் திறக்காமல் அமர்ந்திருக்கும் தந்தையரே! பள்ளியின் வாசலைக் கடந்துவிட்டு, கல்லூரியின் வாசல் எது என்று தேடி நிற்கும் தம்பி தங்கைகளே! உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

சற்றுமுன் என்னை அறிமுகம் செய்தவர், மக்கள் தொடர்புத் துறையின் மாமணி என்றார், மக்கள் மனம் அறிந்த மாண்பாளர் என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்த அறிமுகத்தை நேற்று மாலை எழுதி அனுப்பியவன் நான்தான். சிரிக்கிறீர்கள், நன்றாகச் சிரியுங்கள். யாரைப் பற்றியாவது நல்ல வார்த்தை காதில் விழுந்தால், அதை எழுதியது யார் என்று கேட்கிற பழக்கம் இன்றோடு உங்களுக்கு வந்துவிட்டால், நான் வந்த வேலையில் பாதி முடிந்தது.

மக்கள் தொடர்புத் துறையில் வேலை பார்க்க விரும்புகிறவர்கள் எந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது? இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். மக்கள் தொடர்பு என்றால் என்ன? மயக்குகிற மொழியா? மழுப்புகிற மொழியா? மாட்டிக்கொண்டவரை மீட்டெடுக்கிற மொழியா? என்னம்மா, "மூணும்தான்" என்கிறீர்களா? பத்திரிகையில் இருந்தவர் போலிருக்கிறது.

நான் இப்போது வேலை பார்ப்பது நகரக் குடிநீர் அலுவலகத்தில். ஒருமுறை பெரிய குழாய் ஒன்று உடைந்து நான்கு தெருக்களுக்குத் தண்ணீர் நின்றுபோனது. உடனே உட்கார்ந்து ஓர் அறிவிப்பு எழுதினேன். 'தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால் குடிநீர் வழங்கலில் தற்காலிகத் தடங்கல் ஏற்பட்டுள்ளது. பொதுமக்கள் ஒத்துழைப்பு நல்க வேண்டுகிறோம்.' எழுதிவிட்டு எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. மறுநாள் காலை ஒரு தையற்கார அம்மா, சுவரில் ஒட்டியிருந்த அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு நேராக என் அறைக்குள் வந்துவிட்டார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"சார், ரெண்டு தடவை படிச்சுட்டேன். தண்ணி எப்ப வரும்னு இதுல எங்க போட்டிருக்கு?"

தாளை வாங்கி நானும் தேடினேன். முன்பக்கம் பார்த்தேன். பின்பக்கமும் பார்த்தேன். இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு என் தொழில் என்னவென்று புரிந்தது. மக்கள் கேட்கிற கேள்வியை அலுவலகத்துக்குள் கொண்டுபோய், பதிலை வாங்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். பதில் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான் ஐயா வேலை. இதைச் செய்யத்தான் ஆளில்லை.

இனி என் வீட்டுக்கு வாருங்கள். எனக்கு ஒரே மகள். வீட்டில் அவளுக்குத் துருவி என்று பெயர். பேசத் தொடங்கிய நாளிலிருந்து ஏன், எதற்கு, எப்படி என்று துருவிக்கொண்டே இருப்பாள். பல் மருத்துவரிடம் அழைத்துப் போனால், வாயைத் திறந்து வைத்துக்கொண்டே அவரைப் பேட்டி எடுப்பாள். இந்த ஆண்டு பள்ளி முடித்தாள். அப்பா தொழிலுக்கே வருகிறேன் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசை நிறையக் கல்லூரிக் கையேடுகள். எல்லாவற்றிலும் புல்வெளி. எல்லாப் புல்வெளியிலும் நான்கு மாணவர்கள். நான்கு பேரும் ஒரே புத்தகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அப்படி என்ன நகைச்சுவையான பாடப்புத்தகம் என்று என் துணைவியார் கேட்டார். மகள் மட்டும் ஒரு நீல அட்டைக் கையேட்டை விடவே இல்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, எங்களுக்கு வாசித்துக் காட்டினாள்.

'விடை சொல்பவர்களை மற்றவர்கள் உருவாக்கட்டும். வினா எழுப்புபவர்களை நாங்கள் உருவாக்குகிறோம்.'

"அப்பா, இந்தக் காலேஜ் எனக்காகவே கட்டின மாதிரி இருக்குப்பா," என்றாள். வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் இடத்தை உறுதி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும்.

அவையோரே, அந்த வரி என் வரி.

ஆம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு தனியார் நிறுவனத்தில் இருந்தேன். யாருக்கு என்ன வேண்டுமோ எழுதிக் கொடுக்கிற நிறுவனம். அந்தக் கல்லூரியிலிருந்து ஐந்து புகைப்படங்களும் ஒரு பக்கக் குறிப்பும் வந்தன. இரண்டு நாள் கெடு. கல்லூரிக்கு நான் போகவில்லை. வாசலைக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். என் மேசைக்கு அடியில் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று, பேனாவில் மை ஏன் கீழே வருகிறது, மேலே ஏன் போகவில்லை என்று நச்சரித்துக்கொண்டிருந்தது. அந்த நச்சரிப்பில் பிறந்ததுதான் அந்த வரி. அதற்குப் பிறகு அட்டையை மாற்றியிருக்கிறார்கள், படங்களை மாற்றியிருக்கிறார்கள், என் வார்த்தைகளில் மட்டும் கை வைக்கவில்லை.

அந்த நிமிடமே நான் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? நம் எழுத்து இன்னும் நிற்கிறதே என்று பூரித்துப் போயிருந்தேன். வேறு தொழில்காரன் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். தான் பார்க்காத வீட்டை நல்ல வீடு என்று கொத்தனார் சொல்வாரா? நான் சொன்னேன். "நல்ல காலேஜ்தாம்மா" என்று என் வாயாலேயே சொன்னேன். ஊரைத் தலையாட்ட வைக்க எழுதியவன், என் சொந்த எழுத்துக்கே தலையாட்டினேன்.

ஆனால் அவள் துருவி அல்லவா? நேரில் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து என்றாள். புதன்கிழமை போனோம். வரவேற்பறையில் ஒரு வழிகாட்டி அம்மா. இனிமையான குரல், இடைவெளியில்லாத பேச்சு. ஒரு வகுப்பில் பின்னால் உட்கார்ந்து கேட்கலாமா என்று மகள் கேட்டாள். அனுமதி இல்லையாம். போன ஆண்டு படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் இந்தத் துறையில் வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டாள். நூற்றுக்கு நூறாம், மூச்சுக்கூட விடாமல் வந்தது பதில். ஏழாம் பக்கத்தில் போட்டிருக்கும் ஒலிப்பதிவுக் கூடம் எங்கே என்று கேட்டாள். கதவில் பூட்டு. சாவி வைத்திருப்பவர் விடுமுறை.

மகள் எட்டி, ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். நானும் பார்த்தேன். உள்ளே கால் உடைந்த நாற்காலிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. 'காற்றும் நுழையக் காத்திருக்கும் கலைக்கூடம்' என்று நான் எழுதியிருந்தேன். அது ஒன்று மட்டும் உண்மை. காற்று நுழைந்து பல காலம் ஆகியிருக்கும்.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான், அவள் மடியில் அந்தக் கையேடு. இரண்டு நிறுத்தம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, இதை எழுதினவங்க அந்த இடத்தை ஒரு தடவையாவது பாத்திருப்பாங்களா?"

எத்தனை நிருபர்களிடம் நழுவியிருப்பேன் நான்! 'விசாரணை நடைபெறுகிறது' என்பேன். 'உரிய நேரத்தில் அறிவிக்கப்படும்' என்பேன். 'அதைப் பற்றி இப்போது கருத்துச் சொல்ல இயலாது' என்பேன். ஒன்றுகூட வாயில் வரவில்லை. பார்க்கவில்லை என்றேன். எப்படித் தெரியும் என்றாள்.

"எழுதினது நான்தாம்மா."

வெட்கமாக இருந்தது ஐயா. பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் கேள்விதான் கேட்டாள். எப்படி எழுதினீர்கள், யார் குறிப்புக் கொடுத்தார்கள், எது அவர்கள் சொன்னது, எது நீங்கள் சேர்த்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியாக, கோடு போட்ட அந்த வரி எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். உன்னைப் பார்த்துத்தான் என்றேன். கையேட்டை மூடி என் மடியில் வைத்தாள்.

"அப்ப என்னை வச்சே என்னைப் பிடிச்சிருக்கீங்க," என்றாள்.

வீட்டுக்குப் போனதும் துணைவியாருக்குத் தெரிந்தது. ஏட்டுச் சுரைக்காயைக் காட்டிப் பெற்ற பிள்ளையையே ஏமாற்றப் பார்த்தீர்களே என்றார். வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது.

அப்போதுதான் மகள் ஒரு விஷயத்தை எடுத்தாள். இன்னொரு சின்னக் கல்லூரி. கையேடே இல்லாமல் ஒற்றைத் தாள் அனுப்பியிருந்த கல்லூரி. திங்கட்கிழமையே அங்கே தொலைபேசியில் அதே வேலைக் கேள்வியைக் கேட்டிருக்கிறாள். எடுத்தவர் அலுவலக எழுத்தர். தெரியவில்லையே, விசாரித்துச் சொல்கிறேன் என்று எண்ணை வாங்கிக்கொண்டார். யார் திருப்பிக் கூப்பிடுவார்கள் என்றேன் நான். வியாழன் காலை தொலைபேசி அடித்தது.

"நேத்தே கூப்பிட்டிருக்கணும், மன்னிச்சுக்கம்மா. முப்பத்தாறு பேர் முடிச்சாங்க. பதினாலு பேர் இந்த வேலையில இருக்காங்க. பதினஞ்சு பேர் வேற வேலை. ஏழு பேர் போனை எடுக்கல, அவங்களைப் பத்தி எனக்குத் தெரியல."

நூற்றுக்கு நூறு எங்கே, முப்பத்தாறில் பதினான்கு எங்கே? ஆனால் என் மகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பொதுமக்களில் ஒருத்தி கேள்வி கேட்டாள், அலுவலகம் தேடிப்போய்ப் பதில் கொண்டுவந்தது. மக்கள் தொடர்பு வேறு எங்கே ஐயா இருக்கிறது?

அன்றே போனோம். சுண்ணாம்பு உதிர்ந்த கட்டிடம். புல்வெளி இல்லை, புல்வெளியில் சிரிக்க ஆளும் இல்லை. பின் இருக்கையில் உட்கார விட்டார்கள். பொது நூலகம் ஒன்று முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு வாரம் மூடிக் கிடந்ததற்கு மன்னிப்புக் கடிதம் எழுதுவதுதான் அன்றைய பாடம். அதில் என்ன அதிசயம்? அந்த நூலகம் மூடியதால் அலைந்து திரும்பிய வாசகர் ஒருவரையே வகுப்புக்கு அழைத்து முன்னால் உட்கார வைத்திருந்தார் ஆசிரியர்! ஒரு மாணவன் கணீரென்று தன் கடிதத்தை வாசித்தான். எனக்குப் பிடித்திருந்தது, நான் எழுதியது போலவே இருந்தது. வாசகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதில் மன்னிப்பு எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டார். வகுப்பே அந்தத் தாளில் தேடியது. நானும் தேடினேன். என் மகள் அதற்குள் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அங்கேயே சேர்ந்தாள். ஆகவே தம்பி தங்கைகளே, கல்லூரியைத் தேர்ந்தெடுக்கப் போகிறீர்களா? படத்தைப் பார்க்காதீர்கள், பூட்டைப் பாருங்கள். சொன்ன பதிலைப் பார்க்காதீர்கள், தெரியவில்லை என்று சொல்லத் தெரிகிறதா என்று பாருங்கள். பேசுகிறவர்களைப் பார்க்காதீர்கள், அங்கே கேட்கிறவர்கள் யார் என்று பாருங்கள்.

கைதட்டுகிறீர்கள். நன்றி. இத்தோடு முடிந்தது என்றுதான் அன்று நானும் நினைத்தேன். வீட்டுப் படியேறும்போது, ஒருவழியாகப் பிரச்சினை முடிந்தது என்றேன். மகள் நின்றுவிட்டாள்.

"எனக்கு முடிஞ்சுதுப்பா. எழுதினவர் என் பக்கத்து சீட்ல இருந்தார், கேட்டுட்டேன். அந்தப் புத்தகத்தை வச்சிருக்கிற மத்த பிள்ளைங்களுக்கு யார் சொல்லுவா?"

கல்லூரிக்குக் கடிதம் எழுதினேன். திருத்துங்கள், நானே இலவசமாகத் திருத்தி எழுதித் தருகிறேன், நேரில் பார்த்து எழுதித் தருகிறேன் என்றேன். 'தங்கள் மேலான கருத்து பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. அந்த வாக்கியத்தை நான் எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன்! வாங்கிப் பார்த்தபோதுதான் அது எப்படிச் சுடும் என்று தெரிந்தது. அதன் பிறகே உங்கள் தலைமையாசிரியரைத் தேடி வந்து, எனக்கு ஒரு மேடை கொடுங்கள் என்று கேட்டேன். இவர்கள் என்னை அழைக்கவில்லை, அவையோரே. நானாகக் கேட்டு வந்தேன்.

மூன்றாவது வரிசையில் ஒரு தங்கை பையிலிருந்து எதையோ எடுத்துப் பார்க்கிறார். நீல அட்டைதானே, அம்மா? ஆமாம், அதுதான். அம்மையார் அவர்களே, பயப்படாதீர்கள், கல்லூரியின் பெயரை நான் சொல்லமாட்டேன். எழுதியவன் யார் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அந்த நீலப் புத்தகத்தில் எங்கேயும் அச்சிடாமல் விட்டது அதைத்தான். அதை எழுதியவன் நான். அங்கே சேராதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, தங்கையே. ஆனால் நான் பார்க்காமல் எழுதியதை நீ பார்க்காமல் நம்பக்கூடாது.

கூட்டம் முடிந்ததும், அந்தப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பேனாவோடு நிற்பேன். யார் அந்தப் புத்தகத்தோடு வந்தாலும், எது குறிப்பில் வந்தது, எது நானாகக் கட்டியது என்று வரி வரியாகக் கோடு போட்டுத் தருகிறேன். கடைசிப் பிள்ளை போகிறவரை நிற்பேன்.

இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட பெற்றோர்க்கும், கடிகாரத்தைப் பார்த்தும் பாராததுபோல் இருந்த தலைமைக்கும், இனிமேல் கேட்கப்போகிற ஒவ்வொரு கேள்விக்கும் இப்போதே நன்றி சொல்லி, வணங்கி விடைபெறுகிறேன். வாம்மா தங்கை, நீதான் முதல் ஆள்.