ரெண்டு பாட்டில் செலினியம்

...அதைத்தான் சொல்றேன்! ஊசி குத்தி ரத்தத்தையும் எடுத்துக்கிட்டு அந்த டாக்டர் சொல்றாரு, "உங்களுக்குச் சத்துக் குறைவே இல்லம்மா, சத்து கூடிப்போச்சு"ன்னு! சத்து கூடினா முடி கொட்டுமா? தலைய ஆட்டாதீங்க, சாயம் காதுல பட்டுடும்.

ஊர்த் தலைக்கெல்லாம் சாயம் பூசறவ நான். என் தலையில முக்காடு! கடைக்குள்ள வர்றவங்க என்னைப் பாத்ததும் "பர்ஸை மறந்துட்டேன்"னு திரும்பிடறாங்க. எத்தனை பேருக்குங்க ஒரே நாள்ல பர்ஸ் மறக்கும்?

எல்லாம் ஒரு காய்ச்சல்ல ஆரம்பிச்சது. காய்ச்சல் விட்டு ரெண்டு மாசத்துல, சீப்புல கொத்துக் கொத்தா முடி. "காய்ச்சல் வந்தா கொட்டும், தானா வளந்துடும், விடு"ன்னாரு எங்க வீட்டுக்காரரு. பெரிய மேதை! பம்பு ரிப்பேர் பண்றவருக்கு முடியப் பத்தி என்ன தெரியும்? என் நாத்தனாருக்குத் தெரியும். "அண்ணி, இது செலினியம் குறைவு"ன்னா. ஏதோ தாதுச் சத்தாம், மூஞ்சியப் பாத்தே சொல்லிட்டா! டெஸ்ட்டு கிஸ்ட்டு ஒண்ணும் வேணாம். ஒரு பாட்டில் மாத்திரை குடுத்தா. மருந்துக் கடையில "முடி, நகம்"னு போட்டு இன்னொரு பாட்டில் இருந்துச்சு, அதையும் வாங்கிட்டேன். அதுலயும் அதே செலினியம்தானாம். இருக்கட்டுமே! ஒண்ணு வேருக்கு, ஒண்ணு நுனிக்கு.

முடி கொட்டறது நின்னுச்சா? இல்ல. அப்போ மருந்து பத்தலைன்னுதானே அர்த்தம்? தினம் ரெண்டு மாத்திரைய நாலாக்கினேன். நகமும் உடைய ஆரம்பிச்சுது. நாலை ஆறாக்கினேன். வீட்டுல பூண்டே வாங்கல, என் வாயில பூண்டு நாத்தம்னு அவரு ஹால்ல போய்ப் படுத்துக்கிட்டாரு. "வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டே"ன்னு ஒரு பிரசங்கம் வேற! ...நீங்க ஏன் மூஞ்சியத் திருப்பறீங்க? கண்ணாடியப் பாருங்க.

டாக்டர் என்ன சொல்றாருன்னா, அந்த செலினியம் உடம்புக்குத் துளியூண்டு போதுமாம். கூடிப்போனா முடி கொட்டறது, நகம் உடையறது, பூண்டு நாத்தம் எல்லாம் வருமாம். மீனு, முட்டையிலயே வந்துடுமாம். குடல் ஆபரேஷன் ஆனவங்க, டெஸ்ட்ல குறைவுன்னு தெரிஞ்சவங்க, அந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் மாத்திரையாம். அதுவும் டாக்டர் சொல்ற அளவுதானாம். நாமெல்லாம் சோத்தைத் தின்னுட்டு சும்மா இருக்கணுமாம்! "உடனே நிறுத்துங்க, முடி வளந்துடும்"ங்கறாரு.

நிறுத்திட்டேங்க. இன்னைலேருந்து ஒண்ணு கூட வாயில போடல. அதுக்காக மீதியக் குப்பையிலயா கொட்டுவாங்க? அவ்வளவும் சத்தாச்சே! நல்லா நுணுக்கி, இதோ, உங்க சாயத்துலதான் கலந்து...

அய்யோ, ஏன் எழுந்திரிக்கறீங்க? பாதித் தலைதாங்க ஆயிருக்கு! ஏங்க... ஏங்க, படி இருக்கு, பாத்து! அந்தப் பக்கம் பஸ் வருது...

துண்டு! என் துண்டையாவது குடுத்துட்டுப் போங்களேன்!